தோட்டத்து விளக்கும் கார்த்திகைப் பெண்களும்

தை அமாவாசைக்கு முந்தைய நாள். போளூரில் பஸ் மாறி ஜவ்வாது மலை ஏற ஆரம்பித்தபோதே காதில் குளிர் ஏறிவிட்டது. மடியில் கேமரா பை, காலடியில் முக்காலி. பக்கத்து சீட்டுப் பெரியவர், "மலைக்கு சர்வே எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, நட்சத்திரத்தைப் படம் எடுக்க" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா வீடு ஜமுனாமரத்தூரில். மாமா இந்த மலையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கீழே இறங்க மனசு வரவில்லை, இங்கேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். ஒரு பலா, இரண்டு கொய்யா, துவைக்கிற கல், விறகு அடுக்கு. அதற்கும் அப்பால் கழிவறை. என் திட்டமெல்லாம் அந்தத் தோட்டத்தை நம்பித்தான்.

சென்னையில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், நல்ல நாளில் இருபது நட்சத்திரம் எண்ணலாம். மலையில், அதுவும் அமாவாசையில், வானம் எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாகக் கனவு கண்டிருந்தேன். அம்மாவும் ஆறு மாதமாக அக்கா வீட்டில்தான் இருக்கிறார். அம்மாவுக்கு 78 வயது. இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றுக்கு பங்குனியில் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார்.

சிறு வயதில் எனக்கு வானத்தைக் காட்டியதே அம்மாதான். வாசலில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது உச்சியைக் காட்டி, "அதோ பாரு, கொத்தா ஆறு பேர். கார்த்திகைப் பெண்கள். எண்ணு பார்க்கலாம்" என்பார். நான் நாலு வரை எண்ணுவேன். அம்மா ஆறையும் எண்ணுவார். இந்த முறை நான் படம் எடுத்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும். பையோடு சேர்த்து அந்த எண்ணத்தையும் சுமந்துகொண்டுதான் மலை ஏறினேன்.

இரவு ஏழு மணி. ஆவலோடு பின்கதவைத் திறந்தேன். கண் கூசியது!

ஒரு ஃபோகஸ் லைட்டின் கதை

பின்சுவரின் உச்சியில் 50 வாட் எல்இடி ஃபோகஸ் லைட். கல்யாண மண்டப வாசலில் மாட்டுவார்களே, அதே ரகம். தோட்டம் முழுக்க வெள்ளை வெளிச்சம். பலா மரத்தின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. வானத்தில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.

"அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் அந்த லைட்டை அணைச்சுக்கலாமா?"

அடுப்படியிலிருந்தே பதில் வந்தது. "முடியாதுடா."

"ரெண்டே மணி நேரம்க்கா..."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஐப்பசி மழையில அந்த விறகுக்குப் பக்கத்துல கண்ணாடி விரியன் கிடந்துச்சு. பக்கத்து வீட்டு ஆட்டைக் கடிச்சு, ஆடு போயிடுச்சு. அம்மா ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அந்தப் பக்கம் போறாங்க. கண்ணும் தெரியல. நீ ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடுவ. நாங்க இங்கேயே இருக்கணும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. வெளிச்ச மாசு பற்றி வருஷக்கணக்காகப் படித்து வைத்திருந்த எல்லா வாதங்களும் அந்த விறகு அடுக்கின் முன்னால் சுருண்டு படுத்துக்கொண்டன. அக்கா சொன்னதில் தப்பே இல்லை. இருட்டை ரசிக்க வந்தவனுக்கு இருட்டு ஓர் அழகு. அதில் நடக்க வேண்டியவர்களுக்கு அது பயம். மலையில் மின்விளக்கு என்பது சும்மா வந்துவிடவில்லை.

அன்று படம் எடுக்கவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் மாமாவோடு உட்கார்ந்தேன். பேச்சு காவலூருக்குப் போனது.

மலை மேல் ஒரு கண்

ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கத்தில், ஆலங்காயத்துக்கு அருகில் இருக்கிறது காவலூர். வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கேதான். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போன ஆசிரியர் என்பதால், மாமாவுக்கு அதன் கதை மனப்பாடம்.

வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஐதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதனால் தொலைநோக்கியின் நிழலிலேயே வளர்ந்த பிள்ளை. அமெரிக்காவின் ஹார்வர்டில் படிக்கும்போது, 1949-ல், தான் எடுத்த வானப் படத்தில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது பாப்பு - பாக் - நியூகிர்க் என்று மூவர் பெயரில் அழைக்கப்படுகிறது.

1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனை ஆராய்வதற்குப் பெயர் போன இடம். ஆனால் இரவு வானத்தை ஆராய, மேகமும் வெளிச்சமும் குறைவாக உள்ள வேறு இடம் வேண்டும். தென்னிந்தியாவில் தேடி, கடைசியில் சந்தனக் காடுகள் சூழ்ந்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம்தான். ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் இது மலையே இல்லை. ஆனால் காவலூருக்கு இன்னொரு பலம் உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர் கண்ணுக்கு எட்டாத தெற்கு வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும். வடக்கு வானமும் தெரியும். வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, வாசலையும் கொல்லையையும் ஒருசேரப் பார்ப்பது மாதிரி.

1968-ல் அங்கே வேலை தொடங்கியது கொடைக்கானலில் செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. 38 சென்டிமீட்டர் என்பது நம் வீட்டு இட்லிப் பானையின் வாயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அது வந்த அதே வருடம், வியாழனின் துணைக்கோளான கேனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அங்கே பதிவு செய்தார்கள். கேனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்பதற்கு அது ஆரம்பகால அடையாளம்.

1977 மார்ச் 10 இன்னும் சுவாரஸ்யம். அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனது. கோள் மறைக்கும்போது நட்சத்திரம் அணைய வேண்டும், விலகியதும் எரிய வேண்டும். ஆனால் கோள் வந்து மறைப்பதற்கு முன்பே வெளிச்சம் குறைந்து குறைந்து வந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் பறந்தபடி அதைப் பதிவு செய்தார்கள். அதே நிகழ்வு நம் காவலூர் தொலைநோக்கியிலும் பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது இப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. அதைக் கனவு கண்ட பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமாகிவிட்டார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். 1988-ல் இங்கே எடுத்த படங்களில் ஒரு குறுங்கோள் அகப்பட்டது. கண்டுபிடித்தவர் விஞ்ஞானி ராஜமோகன். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

"எல்லாம் எதனால மாப்ள?" என்றார் மாமா. "இருட்டால. அந்த மனுஷர் ஊர் ஊராத் தேடினது கண்ணாடியை இல்ல. இருட்டைத்தான்."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் எரிந்துகொண்டிருந்த ஃபோகஸ் லைட்டின் வெளிச்சம் கூரைக்கு மேலே புகை மாதிரி எழும்புவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பழைய எண்ணெய் டின் எங்கே இருக்கு?" என்று அக்காவை நோக்கிக் குரல் கொடுத்தார்.

கயிறு பாம்பானது

மறுநாள் காலை மெயினை அணைத்துவிட்டு வேலை தொடங்கியது. ஃபோகஸ் லைட்டைக் கழற்றினோம். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து, கழிவறைக்குப் போகும் பாதையின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு விளக்கும், விறகு அடுக்குக்கு மேலே ஒரு விளக்கும் மாட்டினார். இரண்டும் 9 வாட் பல்புதான், மஞ்சள் நிறம். மாமா 15 கிலோ எண்ணெய் டின்னை வெட்டி, இரண்டுக்கும் குல்லா செய்தார். பல்புக்கும் தகரத்துக்கும் நடுவே சூடு போக இடம் விட்டு, வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற மாதிரி.

அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. "இது என்ன, வீட்டுக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு."

பரீட்சை வைத்தது அக்கா மகள். ஒன்பதாவது படிக்கிறாள். கயிற்றைப் பாம்பென்று நினைத்துப் பயந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவள் வேண்டுமென்றே ஒரு பழைய தாம்புக்கயிற்றைப் பாம்பாக்கினாள். இருட்டியதும், யாருக்கும் தெரியாமல் விறகுப் பக்கம் அதைப் போட்டுவிட்டு வந்து, "அம்மா, போய்க் கண்டுபிடி" என்றாள்.

பழைய ஃபோகஸ் லைட்டை ஓர் ஒயரில் மாட்டி, முதலில் அதை எரியவிட்டோம். அக்கா இரண்டு முறை நடந்தாள். விறகு அடுக்கின் நிழல் கரியாக விழுந்திருந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்ததால் நிழலுக்குள் இருந்தது தெரியவில்லை. பிறகு அதை அணைத்துவிட்டுக் குல்லா போட்ட விளக்குகளைப் போட்டோம். அக்கா பாதி வழியிலேயே நின்றாள். "அதோ!" என்றாள்.

காரணம் சிக்கலானது இல்லை. நம் கண்ணின் பாப்பா, எதிரில் இருப்பதிலேயே பிரகாசமானதைப் பார்த்துத்தான் சுருங்கும். விளக்கே நேராகக் கண்ணில் தெரிந்தால் பாப்பா சுருங்கிவிடும். சுற்றியுள்ள நிழல் இன்னும் கறுப்பாகத் தெரியும். விளக்கு மறைந்து, வெளிச்சம் மட்டும் தரையில் விழுந்தால், கொஞ்ச வெளிச்சமே போதும். 50 வாட் செய்யாத வேலையை இரண்டு 9 வாட் செய்தது.

மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. வெள்ளை எல்இடியில் நீல ஒளி அதிகம். நீலம்தான் காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். இரவில் நாம் மேலே விடும் நீல ஒளி சிதறி, வானத்தின் மேல் ஒரு பால்திரையைப் போர்த்திவிடுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால்தான் நட்சத்திரங்கள் காணாமல் போகின்றன.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஃபோகஸ் லைட்டைத் துணியால் துடைத்து, பரணில் ஏற்றினாள். எனக்கு அது போதும்.

முதல் இரவு: 120 வடைகள்

எட்டு மணிக்கு வானம் திறந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உச்சியில் கார்த்திகைக் கொத்து. அதற்குக் கிழக்கே சிவப்பாக ரோகிணி. இன்னும் கிழக்கே வேட்டைக்காரன் கூட்டம், அதன் தோளில் திருவாதிரை. இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே தொங்கும் வாளில், மங்கலாக ஒரு புகைப் புள்ளி. அதுதான் ஒரையன் நெபுலா.

என்னிடம் இருந்தது பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு முக்காலி. தொலைநோக்கி கிடையாது. பூமியின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவியும் கிடையாது.

இங்கேதான் முதல் சிக்கல். பூமி சுழல்வதால் வானம் ஒரு மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலாவின் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். அதிக நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். எத்தனை விநாடி திறக்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் என்றால் 10 விநாடி. என் கேமராவின் சென்ஸார் சின்னது, அதனால் ஒன்றரையால் மறுபடி வகுக்க வேண்டும். ஆறேழு விநாடி வரும். பத்திரமாக 5 விநாடி வைத்துக்கொண்டேன்.

ஐந்து விநாடியில் மங்கலான நெபுலா பதியுமா? ஒரு படத்தில் பதியாது. அதனால் ஒரே இடத்தை நூறு, இருநூறு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் போன்ற மென்பொருள்கள் இதை இலவசமாகவே செய்து தருகின்றன. நட்சத்திரங்களை அடையாளம் வைத்து, படங்களை நகர்த்திப் பொருத்திக்கொள்ளும்.

அக்கா மகள் கேட்டாள். "மாமா, மங்கலான படத்தை நூறு தடவை அடுக்கினா, அது நூறு மடங்கு மங்கலாத்தானே ஆகும்?"

நல்ல கேள்வி. தூரத்துக் கோயிலில் ஒலிபெருக்கி பாடுகிறது. காற்று அடிப்பதால் பாதி வார்த்தை காதில் விழாது. ஆனால் தினமும் காற்று வெவ்வேறு வார்த்தையைத்தான் அடித்துப் போகும். பத்து நாள் கேட்டால் பாட்டு முழுதாக மனசில் நின்றுவிடும். படத்தில் உள்ள புள்ளி புள்ளியான இரைச்சலும் அப்படித்தான். ஒவ்வொரு படத்திலும் அது வேறு இடத்தில் இருக்கும். நட்சத்திரம் மட்டும் அதே இடத்தில் இருக்கும். நூறு படத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். நெபுலா மெதுவாக மேலே வரும்.

கார்த்திகையை நோக்கி வைத்து, 120 படம் எடுத்தேன். பதினைந்து நிமிடம் பல் கிட்டியது. உள்ளே வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், எல்லா நட்சத்திரமும் மெதுவடை மாதிரி உப்பிக் கிடந்தது. ஃபோகஸ் தப்பு! குளிரில் கை பட்டு லென்ஸ் வளையம் திரும்பியிருக்கிறது. 120 படமும் வீண்.

அம்மா போர்வைக்குள்ளிருந்து, "வந்துச்சாடா?" என்றார்.

"நாளைக்கும்மா."

இரண்டாம் இரவு

மறுநாள் அவசரப்படவில்லை. ஆட்டோ ஃபோகஸை அணைத்தேன். கேமரா திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசி முனையாகும் வரை வளையத்தைத் திருப்பினேன். திரும்பாமல் இருக்க, செல்லோ டேப் ஒட்டினேன். ஐஎஸ்ஓ 1600. லென்ஸ் திறப்பு 2.8. படக்கோப்பு ரா வடிவத்தில். விரல் பட்டு ஆடாமல் இருக்க டைமர்.

பத்து மணிக்குப் பனி இறங்கி லென்ஸ் கண்ணாடி மங்கியது. அக்கா வாணலியில் மணலை மிதமாகச் சூடாக்கி, மாமாவின் பழைய சாக்ஸில் கட்டிக் கொடுத்தாள். அதை லென்ஸைச் சுற்றிக் கட்டினோம். பனி விலகியது. முந்தாநாள் லைட்டை அணைக்க மாட்டேன் என்று சொன்ன அதே அக்கா, "மணல் ஆறிடுச்சுன்னா சொல்லு, வேற போட்டுத் தர்றேன்" என்றாள்.

கார்த்திகை 200 படம். ஒரையன் நெபுலா 200 படம். கடைசியில் லென்ஸை மூடிவிட்டு அதே கணக்கில் 20 இருட்டுப் படம். சென்ஸாரின் சொந்தக் கறைகளைக் கண்டுபிடித்துக் கழிக்க அவை உதவும்.

விடிகாலை நாலரை மணிக்கு மாமா எழுப்பினார். தெற்கே, மலை முகட்டுக்கு மேலே, கண்ணுக்கு ஒரு மங்கிய நட்சத்திரமாகத் தெரிந்தது ஒமேகா சென்டாரி. அது ஒரு நட்சத்திரம் இல்லை. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட கொத்து. தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்குத் தோட்டத்திலிருந்தே தெரிகிறது. பங்குனி, சித்திரையில் இன்னும் சௌகரியம், நடுராத்திரிக்குள்ளேயே பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

அம்மா எண்ணியது

காலை பத்து மணிக்கு லேப்டாப் அடுக்கி முடித்தது. முதலில் ஒரையன் நெபுலா. வாளின் நடுவே சிறகு விரித்த மாதிரி, ஊதாவும் சிவப்புமாக ஒரு மேகம். கண்ணால் பார்க்கும்போது சாம்பல் புகைதான். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. கேமரா ஒளியைச் சேமித்துக்கொள்கிறது, அதனால் நிறம் வருகிறது. ஹைட்ரஜன் வாயுவின் ஆழ்ந்த சிவப்பைச் சாதாரணக் கேமராக்கள் பெருமளவு வடிகட்டிவிடும். அதனால் என் படத்தில் சிவப்பு கொஞ்சம் சோகைதான்.

அந்த மேகத்துக்குள் இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அது பிரசவ வார்டு என்றால், கார்த்திகைக் கொத்து அதுபோன்ற வேறொரு வார்டில் ஒன்றாகப் பிறந்து, சுமார் பத்துக் கோடி வருடமாகியும் இன்னும் பிரியாமல் இருக்கும் அக்கா தங்கைகள். நெபுலாவின் ஒளி நமக்கு வந்து சேர ஏறக்குறைய 1,350 வருடம் ஆகிறது. புறப்பட்டபோது காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். கார்த்திகையின் ஒளிக்குச் சுமார் 440 வருடம். அது கிளம்பியபோது சென்னையில் ஜார்ஜ் கோட்டையே கட்டப்படவில்லை.

கார்த்திகைப் படத்தை டேப்லெட்டில் போட்டு, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, அம்மா கையில் கொடுத்தேன். அம்மா அதைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார். வெளிச்சமான ஆறும் பெரிய புள்ளிகளாக இருந்தன. அவற்றைச் சுற்றி நீலமாக லேசான தூசி மேகம். நடுவிலும் சுற்றிலும் டஜன் கணக்கில் சின்னப் புள்ளிகள்.

விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. விரல் நிற்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று போய், பதினெட்டில் நின்றது.

"ஆறு பேர்னுதானேடா சொல்லுவாங்க? இத்தனை பேர் எப்ப வந்தாங்க?"

"எப்பவும் இருக்காங்கம்மா. வெறும் கண்ணுக்கு ஆறுதான் தெரியும். மொத்தம் ஆயிரத்துக்கும் மேல."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பங்குனியில ஆபரேஷன் முடிஞ்சு கட்டு பிரிச்சா, வானத்துல நேராத் தெரியுமா?" என்று கேட்டார்.

அதுவரை ஆபரேஷன் என்றாலே, "இந்த வயசுல எதுக்கு?" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பங்குனி கடைசி வரைக்கும் சாயங்காலம் மேற்கே தெரியும்மா. சித்திரைக்கு அப்புறம் சூரியன் பக்கம் போயிடும். ஆடியில மறுபடி விடிகாலையில வரும்."

"அப்போ அந்த லைட்டை மறுபடி மாட்டிடாதீங்க" என்றார் அம்மா, அக்காவைப் பார்த்து.

நீங்களும் பார்க்கலாம்

உங்களிடம் டிஎஸ்எல்ஆர் இல்லையென்றால் கவலை வேண்டாம். இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனே போதும், தொடங்குவதற்கு. போனை அரிசிப் பை மேல் ஆடாமல் சாய்த்து வையுங்கள். நைட் மோடு இருந்தால் அது போதும். புரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 10 விநாடி, ஃபோகஸ் முடிவிலி, டைமர் 3 விநாடி. கார்த்திகை கொத்தாக, ஒரையன் இடுப்பு வரிசையாகப் பதியும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. வெளியே வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை" என்று உள்ளே போய்விடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

காவலூர் போக ஆசைப்பட்டால், பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில் அனுமதி உண்டு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். போகும் வழியில் சாமையும் மலைத்தேனும் வாங்க மறக்காதீர்கள்.

இன்னொன்று. லடாக்கின் ஹான்லே பகுதியை 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டையும் புலியையும் காப்பது போல, இருட்டையும் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதற்காக யாரும் வீட்டை இருட்டில் போட வேண்டியதில்லை. அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். இன்று இரவு உங்கள் வீட்டு வெளி விளக்கை ஒரு முறை தள்ளி நின்று பாருங்கள். பல்பு கண்ணில் அடிக்கிறதா, அல்லது தரை தெரிகிறதா? பல்புதான் தெரிகிறது என்றால், அதற்கு ஒரு குல்லா தேவை. செலவு, ஒரு பழைய எண்ணெய் டின்.

கிளம்பும்போது அக்கா ஒரு தகவல் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, குல்லா விளக்கை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "கரன்ட் பில் குறையுமா?" என்று கேட்டாராம். குறையும் என்று அக்கா சொன்னாளாம். அடுத்த டின்னை மாமா எடுத்து வைத்துவிட்டார்.

பங்குனியில் மறுபடி மலை ஏறுகிறேன். அம்மா எத்தனை எண்ணினார் என்பதை அப்போது எழுதுகிறேன்.